“ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்” வேண்டாம்: ஹேவ் என்ற வினையைச் சரியாகப் பேசிப் பழக

“ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்.”

நாகர்கோவிலில் எந்த கிளினிக்கில் போய் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். டாக்டரும் நம்மூர்க்காரர்தான், அவருக்குப் புரியும், மாத்திரை எழுதிக் கொடுப்பார், காய்ச்சலும் போய்விடும். அதனாலேயே இது தப்பு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் நர்சிங் முடித்துவிட்டு இங்கிலாந்துக்கோ அயர்லாந்துக்கோ போவதற்காக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதுகிற பிள்ளைகளுக்குக் கதை வேறு. அதில் ஸ்பீக்கிங் பகுதி என்பதே 2 ரோல் பிளே, ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம், எதிரே இருப்பவர் நோயாளியாகவோ அவருடைய உறவினராகவோ பேசுவார். எத்தனை நாளாக வலி, இதற்கு முன்னால் என்ன மருந்து எடுத்தீர்கள், நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எதைக் கேட்க வாயைத் திறந்தாலும் ஹேவ் வந்து நிற்கும். குவைத் கம்பெனி இன்டர்வியூ, கன்னியாகுமரிக் கடற்கரையில் வடநாட்டுக்காரரிடமோ வெளிநாட்டுக்காரரிடமோ நடத்துகிற வியாபாரம், எல்லாவற்றிலும் இதே நிலைமைதான்.

சின்ன வார்த்தை, ஆனால் பள்ளிக்கூடத்தில் இதைத் துண்டு துண்டாகச் சொல்லித் தருகிறார்கள். ஆறாம் வகுப்பில் ஹேவ் என்றால் ‘வைத்திருத்தல்’, எட்டாம் வகுப்பில் பிரசன்ட் பெர்ஃபெக்ட், அப்புறம் எப்போதோ ஹேவ் டு. மூன்றும் ஒரே வினைதான் என்று யாரும் சேர்த்துக் காட்டுவதில்லை. நான் சொல்ல வருவது, தமிழிலேயே இதற்கு ஒரு கைப்பிடி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் பாதித் தப்பு தானாகக் குறையும்.

இந்த மூன்றையும் பாருங்கள்:

எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க.
நான் திற்பரப்புக்குப் போயிருக்கேன்.
நாளைக்கு வடசேரிக்குப் போக வேண்டியிருக்கு.

மூன்றிலும் ‘இரு’ இருக்கிறது. மூன்றுமே ஆங்கிலத்துக்குப் போகும்போது ஹேவ் ஆகிவிடுகின்றன: “ஐ ஹேவ் டூ எல்டர் பிரதர்ஸ்”, “ஐ ஹேவ் பீன் டு திற்பரப்பு”, “ஐ ஹேவ் டு கோ டு வடசேரி டுமாரோ”. பேசுவதற்கு முன் தமிழில் மனதுக்குள் வருவது ‘எனக்கு இருக்கு’ வகையா, ‘போயிருக்கேன்’ வகையா, ‘வேண்டியிருக்கு’ வகையா என்று பார்த்துவிடுங்கள். இல்லை என்று மறுப்பதும் கேள்வி கேட்பதும் வகைக்கு வகை மாறும், அதனால்தான் இந்தப் பிரிப்பு முக்கியம்.

எனக்கு இருக்கு

தமிழில் ‘எனக்கு’, ‘அவளுக்கு’, ‘என்கிட்ட’ என்று வருகிற ஆள், ஆங்கிலத்தில் எழுவாயாகி வாக்கியத்தின் முன்னால் வந்து நிற்பார். எனக்குத் தலைவலி இருக்கு: “ஐ ஹேவ் எ ஹெட்ஏக்.” அவருக்கு மார்த்தாண்டத்துல ஒரு கடை இருக்கு: “ஹி ஹேஸ் எ ஷாப் இன் மார்த்தாண்டம்.” என்கிட்ட சில்லறை இல்ல: “ஐ டோன்ட் ஹேவ் சேஞ்ச்.” ‘எனக்கு’ என்பதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் “ஃபார் மீ டூ பிரதர்ஸ்” என்று ஆரம்பித்தால் நடுவில் மாட்டிக்கொள்வோம்.

ஆளுக்குப் பதில் இடம் வந்தால்தான் அதிகமாகத் தடுமாறுகிறோம். எங்க ஊர்ல ஒரு பெரிய குளம் இருக்கு என்பதற்கு “இன் அவர் வில்லேஜ் ஹேவிங் எ பிக் பாண்ட்” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதற்கு இரண்டு பாதைகள் உண்டு. ‘ஊர்ல’ என்பதில் உள்ள ‘இல்’லை வைத்துக்கொள்வதென்றால் “தேர் இஸ் எ பிக் பாண்ட் இன் அவர் வில்லேஜ்”. ஊரையே எழுவாய் ஆக்குவதென்றால் “அவர் வில்லேஜ் ஹேஸ் எ பிக் பாண்ட்”. இரண்டும் சரி. ‘இன்’னையும் ‘ஹேவ்’வையும் ஒன்றாக ஓட்டினால்தான் தகராறு.

அடுத்து ஹேஸ். ஹி, ஷி, இட், தனி ஒருவர், தனி ஒரு பொருள், எல்லாவற்றுக்கும் ஹேஸ், மற்றவற்றுக்கு ஹேவ். ‘எவ்ரிஒன்’ என்பது எல்லாரையும் குறித்தாலும் அதற்கு ஹேஸ்தான், ‘பீப்பிள்’ என்பதற்கு ஹேவ். இதெல்லாம் தெரிந்தவர்களே கேள்வி கேட்கும்போது “டஸ் ஷி ஹேஸ் ஃபீவர்?” என்று கேட்டுவிடுகிறார்கள். டஸ் வந்துவிட்டால் ஹேஸில் இருந்த ‘ஸ்’ அதற்குப் போய்விட்டது, மிச்சம் ஹேவ்தான்: “டஸ் ஷி ஹேவ் ஃபீவர்?” டிட் வந்தாலும் அப்படியே, “டிட் யு ஹேட் லஞ்ச்?” கிடையாது, “டிட் யு ஹேவ் லஞ்ச்?” வில், கேன், ஷுட், டு, இவற்றுக்குப் பின்னாலும் ஹேவ் மட்டும்தான் வரும், ஆள் யாராக இருந்தாலும் சரி. “ஹி டோன்ட் ஹேவ்” என்பது சினிமாவிலும் பாட்டிலும் காதில் விழும். இன்டர்வியூவில் “ஹி டஸன்ட் ஹேவ்” என்றே சொல்லுங்கள்.

பழைய இலக்கணப் புத்தகங்களில் “ஐ ஹேவன்ட் எனி மனி” என்று இருக்கும். தப்பில்லை, ஆனால் இன்றைக்கு அப்படிப் பேசுகிறவர்கள் குறைவு. “ஐ டோன்ட் ஹேவ் எனி மனி” போதும். சிப்ஸ் கடையில் ஓர் இங்கிலாந்துக்காரர் “ஹேவ் யு காட் சேஞ்ச்?” என்று கேட்டால் அதுவும் “டூ யு ஹேவ் சேஞ்ச்?” என்பதேதான், திகைக்க வேண்டாம்.

ஹேவிங் எங்கே வரலாம்

இப்போது அந்தக் காய்ச்சலுக்கு வருவோம். ‘இருக்கு’ என்று வெறுமனே நிற்கிற நிலைமைக்கு, அதாவது அண்ணன் தம்பி, வீடு, கார், காய்ச்சல், சந்தேகம், அனுபவம், நேரம் இவற்றுக்கெல்லாம், ‘ஐஎன்ஜி’ சேர்க்கக் கூடாது. “ஐ ஆம் ஹேவிங் எ டவுட்” வேண்டாம், “ஐ ஹேவ் எ கொஸ்டின்” என்று கேளுங்கள். (டவுட் என்றால் அவர்கள் காதில் அவநம்பிக்கை மாதிரி விழும், நாம் கேட்பதோ விளக்கம்.) “வி ஆர் ஹேவிங் அவர் ஓன் ஹவுஸ்” வேண்டாம், “வி ஹேவ் அவர் ஓன் ஹவுஸ்.”

ஆனால் ஹேவிங் என்ற சொல்லையே ஒதுக்கிவிடவும் வேண்டாம், சில பேர் பயந்துபோய் அப்படிச் செய்கிறார்கள். தமிழில் ‘இருக்கு’ என்று வராமல் ‘சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்’, ‘குடிச்சிக்கிட்டிருக்கேன்’, ‘நடந்துக்கிட்டிருக்கு’ என்று ஒரு செயல் ஓடிக்கொண்டிருந்தால் ஹேவிங் தாராளமாக வரலாம். “ஐ ஆம் ஹேவிங் சாயா” என்று போனில் சொல்லலாம், சாயாவை டீ ஆக்கிக்கொண்டால் லண்டனிலும் செல்லும். “தே ஆர் ஹேவிங் எ மீட்டிங்.” “வி ஆர் ஹேவிங் கெஸ்ட்ஸ் டுநைட்”, அதாவது ராத்திரி வீட்டுக்கு ஆள் வருகிறார்கள். “ஷி இஸ் ஹேவிங் எ பேபி” என்றால் அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. ‘அவளுக்கு ஒரு குழந்தை இருக்கு’ என்று சொல்ல நினைத்து இதைச் சொல்லிவிட்டால் கேட்கிறவர் வாழ்த்து சொல்லிவிட்டு எத்தனையாவது மாதம் என்று கேட்பார்.

போயிருக்கேன்

இங்கே ஹேவ் தனியாக நிற்பதில்லை, பின்னால் வருகிற வினைக்குத் துணையாக நிற்கிறது. அதனால் மறுக்கும்போது டோன்ட் தேவையில்லை, ஹேவுடனேயே ‘நாட்’ ஒட்டிக்கொள்ளும்: “ஐ ஹேவன்ட் ஈட்டன்.” கேள்விக்கும் டூ தேவையில்லை, “ஹேவ் யு ஈட்டன்?” மூன்று வகையில் இந்தப் பழக்கம் இதற்கு மட்டும்தான்.

இதில் நம்மை அதிகமாகக் கவிழ்ப்பது தேதி. நேற்று, போன வருஷம், 2015இல் என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் அதோடு ஹேவ் சேராது. பயோடேட்டாவில் “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பிஎஸ்சி நர்சிங் இன் 2019” என்று எழுதுகிறார்கள். வருஷம் போட்டால் ஹேவை எடுத்துவிடுங்கள்: “ஐ கம்ப்ளீட்டட் பிஎஸ்சி நர்சிங் இன் 2019.” வருஷம் போடாவிட்டால் “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பிஎஸ்சி நர்சிங்” என்பது நன்றாகவே இருக்கும்.

அப்படியானால் இன்னும் தொடர்கிற விஷயத்துக்கு? அங்கே ஹேவ் வந்தே ஆக வேண்டும், அதில் தமிழ் நம்மை ஏமாற்றும். ‘2021லிருந்து இங்கதான் வேலை பாக்கேன்’ என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம், அதனால் வாய் தானாக “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021” என்று போகிறது. சரியானது, “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021.” நம் மாவட்டத்தையே வைத்துப் பழகலாம். 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. நடந்து முடிந்ததைச் சொல்லும்போது “இட் பிகேம் எ டிஸ்ட்ரிக்ட் இன் 1956”, அன்று முதல் இன்றுவரை இருப்பதைச் சொல்லும்போது “இட் ஹேஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 1956.” திருவள்ளுவர் சிலையும் அப்படித்தான், 2000 ஜனவரி 1இல் திறந்தார்கள்: “இட் வாஸ் ஓப்பன்ட் இன் 2000”, “இட் ஹேஸ் ஸ்டுட் தேர் சின்ஸ் 2000.” சுற்றுலா வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுகிற பிள்ளைகள் இந்த இரண்டு ஜோடியையும் வாயில் ஏற்றிக்கொண்டால் மற்ற எல்லா வருஷங்களையும் இதே அச்சில் சொல்லிவிடலாம்.

சின்ஸ், ஃபார் வித்தியாசமும் இதிலேயே இருக்கிறது. தொடங்கிய புள்ளியைச் சொன்னால் சின்ஸ்: சின்ஸ் மண்டே, சின்ஸ் 2021. எவ்வளவு காலம் என்று நீளத்தைச் சொன்னால் ஃபார்: ஃபார் த்ரீ டேஸ், ஃபார் ஃபைவ் இயர்ஸ். ஆக அந்த கிளினிக் வாக்கியத்தில் இரண்டு இடத்தில் பிசகு. மூணு நாளா காய்ச்சல் இருக்கு (குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் பனி என்பார்கள், அதைக் கேட்டுவிட்டு நாகர்கோவில் பிள்ளைகள் மார்கழிப் பனியை நினைத்துச் சிரிப்பதும் உண்டு) என்பது ‘எனக்கு இருக்கு’ வகை, அதே சமயம் மூன்று நாளாகத் தொடர்வதால் ‘போயிருக்கேன்’ வகையும்கூட. இரண்டும் சேரும்போது ஹேவ் இரண்டு தடவை வரும், முன்னால் துணையாக ஒன்று, பின்னால் உண்மையான வினையாக ஒன்று: “ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்.” ஹேவ் ஹேட் என்று அடுத்தடுத்து வருவதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைப்பவர்கள் உண்டு. பிழை இல்லை. “ஷி ஹேஸ் ஹேட் டயபெட்டிஸ் ஃபார் டென் இயர்ஸ்”, “ஹவ் லாங் ஹேவ் யு ஹேட் திஸ் பெய்ன்?” இந்த இரண்டாவது கேள்வியை நர்சிங் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழக வேண்டும்.

இன்னொரு இடம், தமிழில் ஒன்றாகவும் ஆங்கிலத்தில் இரண்டாகவும் இருப்பது. ‘அவன் துபாய்க்குப் போயிருக்கான்’ என்று சொன்னால் இப்போது அங்கே இருக்கிறானா, எப்போதோ போய்விட்டு வந்தவனா என்று சந்தர்ப்பத்தை வைத்துத்தான் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் “ஹி ஹேஸ் கான் டு துபாய்” என்றால் ஆள் ஊரில் இல்லை. “ஹி ஹேஸ் பீன் டு துபாய்” என்றால் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டான், சாயங்காலம் கடை முக்கில் பார்க்கலாம். இன்டர்வியூவில் உங்களைப் பற்றி நீங்களே “ஐ ஹேவ் கான் டு குவைத்” என்றால் எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று அவர் குழம்புவார்.

‘போயிருந்தேன்’ வந்தால் ஹேட். ஆனால் இதை நாம் கண்டபடி செலவு செய்கிறோம். ‘நேத்து திருவனந்தபுரம் போயிருந்தேன்’ என்று தமிழில் சொல்வது இயல்பு, அதையே “ஐ ஹேட் கான் டு திருவனந்தபுரம் யெஸ்டர்டே” என்று ஆக்கினால் கேட்பவர் ‘சரி, அதுக்கப்புறம் என்ன நடந்தது’ என்று காத்துக்கொண்டிருப்பார். “ஐ வென்ட்” போதும். பழைய இரண்டு சம்பவங்களில் எது முதலில் நடந்தது என்று காட்ட வேண்டியபோதுதான் ஹேட் வேலைக்கு வரும். “வென் ஐ ரீச்ட் வடசேரி, த பஸ் ஹேட் லெஃப்ட்” என்றால் நான் போவதற்குள் பஸ் போய்விட்டது. “த பஸ் லெஃப்ட்” என்று மட்டும் சொன்னால் நான் போய்ச் சேர்ந்ததும் பஸ் கிளம்பியது, ஓடிப்போய் ஏறியும் இருக்கலாம்.

வேண்டியிருக்கு

“ஐ ஹேவ் டு கோ”, “ஷி ஹேஸ் டு கோ”, போன வாரமென்றால் “ஐ ஹேட் டு கோ”, அடுத்த வாரமென்றால் “ஐ வில் ஹேவ் டு கோ”. மஸ்ட் என்பதற்குக் கடந்த கால வடிவம் இல்லாததால் ‘போக வேண்டியிருந்தது’ என்பதற்கும் ஹேட் டுவைத்தான் நம்ப வேண்டும். இவ்வளவும் எளிது. சிக்கல் மறுப்பில்.

தமிழில் ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு முகம். ‘நீங்க வர வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்’ என்றால் வரவேண்டிய அவசியமில்லை, வந்தாலும் குற்றமில்லை. ‘ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னால சாப்பிட வேண்டாம்’ என்றால் சாப்பிடவே கூடாது. ஆங்கிலத்தில் முதலாவதுக்கு டோன்ட் ஹேவ் டு, இரண்டாவதுக்கு மஸ்ட் நாட். மாற்றிச் சொன்னால் விளைவு இருக்கிறது: ஃபாஸ்டிங் சுகர் பார்க்க வந்த நோயாளியிடம் “யு டோன்ட் ஹேவ் டு ஈட் பிஃபோர் த டெஸ்ட்” என்று சொல்லிவிட்டால், சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவர் இஷ்டம் என்று ஆகிவிடும், அவர் பாட்டுக்கு ஒரு சாயாவும் ரசவடையும் முடித்துவிட்டு கையை நீட்டுவார், ரிப்போர்ட்டில் வருகிற எண்ணை நம்ப முடியாது. அங்கே “யு மஸ்ட் நாட் ஈட்” என்று சொல்ல வேண்டும், கொஞ்சம் மென்மையாக வேண்டுமென்றால் “ப்ளீஸ் டோன்ட் ஈட் எனிதிங்”. டோன்ட் ஹேவ் டுவுக்கு நல்ல உதாரணம் நம் கடலிலேயே இருக்கிறது. விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கிற கண்ணாடிப் பாலம், 77 மீட்டர் நீளம், 2024 டிசம்பர் 30இல் திறந்தது. “யு டோன்ட் ஹேவ் டு டேக் எ போட் ஃப்ரம் த ராக் டு த ஸ்டாச்சு நவ்.” படகு தேவையில்லை, நடந்தே போகலாம், கரையிலிருந்து பாறைக்கு மட்டும் “யு ஸ்டில் ஹேவ் டு டேக் எ போட்.”

தமிழில் ‘இரு’ வராத ஒரு ஹேவ்

இந்தக் கைப்பிடி உதவாத இடமும் ஒன்று உண்டு. ‘முடி வெட்டினேன்’ என்கிறோம், வெட்டியது கடைக்காரர். ‘வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சோம்’, அடித்தது ஆள். தமிழில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் “ஐ கட் மை ஹேர்” என்றால் நானே கத்தரிக்கோல் எடுத்து வெட்டிக்கொண்டது போல் ஆகும் (பேச்சில் இதுவும் ஓடத்தான் செய்கிறது). அடுத்தவரைக் கொண்டு செய்வித்தால் “ஐ ஹேட் மை ஹேர் கட்”, “வி ஹேட் த ஹவுஸ் பெயின்டட்”, “யு நீட் டு ஹேவ் யுவர் பிளட் டெஸ்டட்”. பொருள் நடுவில், வினை கடைசியில். இந்த வரிசை மாறினால் அர்த்தமும் மாறும், “ஐ ஹேட் கட் மை ஹேர்” என்றால் மறுபடியும் அந்த ‘வெட்டியிருந்தேன்’ கணக்குக்குப் போய்விடும். போனில் ‘அவரை என்னைக் கூப்பிடச் சொல்லுங்க’ என்பதற்கு “ப்ளீஸ் ஹேவ் ஹிம் கால் மீ.” நடுவில் டு போட வேண்டாம்.

கடைசியாக உச்சரிப்பு, ஏனென்றால் எழுத்தில் சரியாக இருப்பவர்களும் இதில் கோட்டை விடுகிறார்கள். முடிவில் உகரம் சேர்த்து ‘ஹேவு’ என்று இழுக்காமல் மேல்பல் கீழுதட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். ஹேஸ் என்பதன் கடைசி ஒலி தேனீ ரீங்காரம் மாதிரி அதிர வேண்டும், பாம்புச் சீறலாக இருக்கக் கூடாது. ஆனால் பின்னால் டு வந்தால் இரண்டும் மாறிவிடும், ஹேவ் டு என்பது பேச்சில் ‘ஹேஃப் டு’, ஹேஸ் டு என்பதில் அந்தச் சீறலே சரி. துணையாக வரும்போது ஹேவ் சுருங்கி ஐவ், யுவ், தேவ் என்று ஆகிவிடும். சுருக்கலாம், முழுங்கக் கூடாது: “ஐவ் பீன் டு திற்பரப்பு” என்பதில் அந்த ‘வ்’ லேசாகவாவது கேட்க வேண்டும், “ஐ பீன் டு திற்பரப்பு” என்று காதில் விழுந்தால் தேர்வு வைக்கிறவர் உங்களுக்கு ஹேவே தெரியாது என்றுதான் எடுத்துக்கொள்வார்.